நாளைய வண்டிக்காக இன்று நிற்பதா?

 

நாளுக்கு நாள் தரம் உயர்ந்தும் விலை தாழ்ந்தும் வருகின்ற ஒரு பொருளை வாங்க நினைப்பவர் பாடு சங்கடமானது. இன்று வாங்கினால், நாளை வாங்குபவர் அதைவிட நல்லதைக் குறைந்த விலைக்குப் பெறுவார். நாளை வரை பொறுத்தாலோ, நாளை மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. கைபேசி விஷயத்தில் நாம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. போனால் பதினைந்தாயிரம் ரூபாய். ஆனால் வாழ்நாள் சேமிப்பிலிருந்து பதினைந்து இலட்சத்தை எடுத்துக்கொண்டு மின்சாரக் கார் வாங்கப் புறப்படும் குடும்பத் தலைவருக்கு இந்தக் கணக்கு உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நம்மவர்களிடையே இந்தப் பேச்சு இப்போது மிகுந்திருக்கிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும் நேரத்தில்கூட, “பாய், இப்பவே வாங்கலாமா, இரண்டு வருடம் பொறுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். நான் மோட்டார் வாகனத் தொழிலின் ஓரத்தில் இருப்பவன் என்பதால் என்னிடம் கேட்பவர் அதிகம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகச் சிறியதொரு லேத் பட்டறை நடத்தி வருகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எஞ்சினுக்குள் போகும் வால்வு கைடு, புஷ் போன்ற உருப்படிகளைக் கடைந்து கொடுக்கிறோம். இப்போது புரிந்திருக்குமே! கேட்பவருக்கு இது கார் வாங்கும் கேள்வி. எனக்கோ பட்டறையைத் திறந்து வைத்திருப்பதா என்ற கேள்வி. வால்வும் இல்லை, பிஸ்டனும் இல்லை, சைலன்சரும் இல்லை என்பதுதானே மின்சார வண்டியின் பெருமை?

ஆகவே இந்த மின்சார வண்டியின் முன்னேற்றம் எந்த வேகத்தில் வருகிறது என்பதை, எனக்குக் கிடைத்த செய்திகளைக் கொண்டு உங்களோடு சேர்ந்து சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தால் ஓடும் வண்டி சென்னைக்குப் புதிதன்று. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பிற இந்திய நகரங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. 1953 வரை ஓடி நின்றது. நம் அம்பத்தூர், ஆவடி நிலையங்கள் வழியே நாள் முழுதும் ஓடும் புறநகர் இரயிலும் மின்சாரத்தில் ஓடுவதே. இவற்றுக்கெல்லாம் தலைக்கு மேலே கம்பி உண்டு. கம்பியைவிட்டுப் பிரிந்து, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே முதுகில் சுமந்து செல்ல வேண்டும் என்றபோதுதான் தொல்லை தொடங்கிற்று. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 அலகு ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்றைய நல்ல மின்கலத்தில் ஒரு கிலோவுக்குக் கால் அலகு, அல்லது அதற்குச் சற்று மேல். எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் முக்கால் பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணடிக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும் பெட்ரோல் எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. நூறாண்டுக் காலம் பெட்ரோல் கோலோச்சியதன் காரணம் இதுவே.

இனி மின்கலம் வளர்ந்த கதை. 1991-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயான் மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சோனியின் அந்த முதல் கலம் ஒரு கிலோவுக்கு 80 வாட்-மணி அளவில் ஆற்றலைச் சேமித்தது. இன்று சிறந்தவை 250 முதல் 300 வரை சேமிக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து மூன்றரை மடங்கு! கணினியின் வேகம் இதே காலத்தில் எத்தனை ஆயிரம் மடங்கு பெருகியது என்பதை நினைத்தால் இது ஆமை நடையே. கணினிச் சில்லில் உறுப்புகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். மின்கலத்திலோ ஆற்றலைச் சுமப்பது அணுவே. அணுவைச் சிறிதாக்க முடியாது. வேறு பொருளைத் தேடலாம், தேடிய பொருளைச் சோதிக்கலாம், அது ஆயிரம் முறை மின்னேற்றியும் கெடாமல் இருக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கலாம். ஆகவே “அடுத்த ஆண்டு அற்புத பேட்டரி” என்று செய்தித்தாளில் வருவதைப் படித்துவிட்டுப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

டொயோட்டா நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரவம் இல்லாத திடநிலை மின்கலத்தை 2020-களின் தொடக்கத்தில் காரில் பொருத்துவோம் என்று அவர்கள் 2017-இல் சொன்னார்கள். 2023-இல் கேட்டபோது 2027 அல்லது 2028 என்றார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்து மேசையில் ஒன்று வேலை செய்வதற்கும், அதையே இலட்சக்கணக்கில் ஒரே தரத்தில் செய்து தள்ளுவதற்கும் இடையே உள்ள தூரம் அத்தகையது. ஒரு மைக்ரான் அளவு பிசகினால் மூட்டையோடு திரும்பி வரும் உருப்படிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் வியப்பில்லை.

ஆனால் வேறொரு வேகம் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. அது விலையின் வேகம்.

ஓர் அலகு மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரிக்கு 2010-ஆம் ஆண்டில் ஆயிரம் டாலருக்கு மேல் விலை இருந்தது. புளூம்பெர்க் நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2023-இல் அது 139 டாலர், 2024-இல் 115 டாலர். பதினான்கு ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு! சுமக்கும் ஆற்றல் ஆமை போலவும் விலை கல் உருண்டு விழுவது போலவும் செல்வது எப்படி? இதற்கு விடை என் பட்டறையிலேயே இருக்கிறது. புதிய உருப்படி ஒன்றுக்கு ஆர்டர் வந்தால் முதல் துண்டைக் கடைய அரை நாள் ஆகும். நூறாவது துண்டு பத்து நிமிடம். பத்தாயிரமாவது துண்டை இரண்டு நிமிடத்தில் பையன் பாட்டுக் கேட்டுக்கொண்டே முடித்துவிடுவான். இடையில் எந்த அறிஞரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கை பழகியது, கழிவு குறைந்தது, அவ்வளவே. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-இல் விமானத் தொழிற்சாலையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாம். மின்கலமும் ஏறக்குறைய அந்த விதிப்படியே நடந்து வருகிறது. சீன நாட்டுத் தொழிற்சாலைகள் இராப்பகலாகச் செய்து குவிக்கக் குவிக்க விலை இறங்குகிறது. ஆகவே வேகத்தை அறிய விரும்புபவர் ஆய்வுக்கூடச் செய்தியைவிடத் தொழிற்சாலையிலிருந்து எத்தனை வெளிவருகிறது என்ற செய்தியைப் படிப்பது பயன் தரும்.

நம் நாட்டில் இந்த வேகம் எப்படித் தெரிந்தது? 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா என்ற சின்னஞ்சிறு கார் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஈய-அமிலப் பேட்டரி. 80 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். அதன் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2019 ஜூலையில் நம் பூந்தமல்லியைத் தாண்டி உள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கோனா வந்தது. விலை 25 இலட்சத்துக்கு மேல். பார்த்துப் பெருமூச்சு விடலாம். 2020 ஜனவரியில் டாட்டா நெக்ஸான் 14 இலட்சத்தில் தொடங்கியது. 2022 செப்டம்பரில் டியாகோ எட்டரை இலட்சம். 2024 பிப்ரவரியில் மின்கலம் மலிந்துவிட்டது என்று சொல்லி டாட்டா நெக்ஸானுக்கு 1.2 இலட்சம் வரை, டியாகோவுக்கு 70 ஆயிரம் வரை விலையைக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய மாதம் பெருமையோடு வாங்கி இனிப்பு வழங்கியவர்களின் முகத்தை எண்ணிப் பாருங்கள்! 2025 ஜனவரியில் இதே ஹூண்டாய் க்ரெட்டாவை மின்சாரத்தில் கொண்டுவந்தது. கோனாவைவிடப் பெரிய வண்டி, அதைவிடப் பெரிய பேட்டரியும் கிடைக்கும். தொடக்க விலை 18 இலட்சம்.

சகோதர சகோதரிகளே! இந்த இடத்தில் நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும்.

மற்றவர்கள் கார் வாங்குவது பெரும்பாலும் வங்கிக் கடனில். மாதத் தவணை கட்டுகிறார்கள், ஐந்தாண்டில் விற்கிறார்கள், புதிதாக ஒன்றைத் தவணையில் எடுக்கிறார்கள். விலை வீழ்ந்தாலும் அந்த வலி அறுபது துண்டாகப் பிரிந்து போகிறது. வட்டியை விட்டு விலகி நிற்கும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். என் மைத்துனர் தம்மாமில் 14 ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிப் பூந்தமல்லியில் குடியிருக்கிறார். கார் வாங்க அவர் ஒதுக்கி வைத்த பணத்தில், பிள்ளைகளின் பெருநாளைக்குத் தகப்பன் இல்லாமல் போன பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. “மச்சான், இந்தக் காசு ஒரு தடவைதான். திரும்ப வராது” என்றார். அவருக்கு இந்த வேகம் குறித்த செய்தி வெறும் பொழுதுபோக்கன்று.

விற்பனையாளர்கள் இப்போது வேறொரு வழி சொல்கிறார்கள். 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் காரைப் பேட்டரி இல்லாத விலையாகப் பத்து இலட்சத்துக்கு அறிவித்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை என்றார்கள். வாடகை என்ற சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. விலை வீழ்ச்சியின் சுமை நம் தலையில் விழாது என்றும் தோன்றுகிறது. ஆனால் இத்தகைய திட்டங்களின் பின்னால் நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம் இருக்கக்கூடும். பெயரில் வாடகை, தாளில் வட்டி என்றால் நமக்கு அது ஆகாது. கையெழுத்திடும் முன் அந்தப் பல பக்க ஒப்பந்தத்தைப் படியுங்கள். விளங்காவிட்டால் மார்க்கம் அறிந்த ஆலிமிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். மைத்துனர் அப்படித்தான் காட்டினார். இமாம் அவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே விரலை வைத்துவிட்டார்கள்.

பிறகு நாங்கள் இருவரும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் தருகிறேன். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 15 அலகு குடிக்கும். வீட்டு மின்கட்டணத்தின் மேல்படியில் அலகு பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்து ரூபாய். மைத்துனர் அம்பத்தூரில் உள்ள தம் கடைக்கு வந்து போக நாளுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள். ஆக 9,000 கிலோமீட்டர், 45,000 ரூபாய் மிச்சம். மின்சாரக் காருக்கும் அதே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் விலை வேறுபாடு நான்கு இலட்சம் என்றால், அதை மீட்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டு வேண்டும். பேட்டரிக்குப் பலர் தரும் உத்தரவாதம் எட்டு ஆண்டு! 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாக இறங்கியதும் இந்தக் கணக்கில் பெட்ரோலின் பக்கமே சாய்கிறது. மின்சாரக் காருக்கு வரி ஐந்து விழுக்காடு என்ற சலுகை இருந்தும் இந்த நிலை.

இதே கணக்கை ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடுகிறார். கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம் என்றாலும் ஆண்டுக்கு 90,000 ரூபாய். விலை வேறுபாட்டை ஓரிரு ஆண்டில் எடுத்துவிடுவார். முன்னேற்றம் எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே நாளில் தட்டுவதில்லை என்பது இதனால் விளங்கும். அதிகம் ஓடும் வண்டிக்கு அது நேற்றே வந்துவிட்டது. வாசலில் நிற்கும் வண்டிக்கு நாளைதான் வரும். 2024-25 நிதியாண்டில் நம் நாட்டில் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரம். வடநாட்டு நகரங்களின் ஈ-ரிக்‌ஷாக்கள் இதில் பெரும்பங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்களிலோ நூற்றுக்கு இரண்டரைதான். மாநகரப் பேருந்தும் நாள் முழுதும் ஓடும் வண்டிதானே? 2025 ஜூன் 30-ஆம் நாள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஐந்து பணிமனைகளுக்கு 625 பேருந்துகள் என்பது திட்டம். அந்த ஐந்தில் நம் பூந்தமல்லியும் ஒன்று.

கணக்கில் அடங்காத ஒன்றை என் துணைவியார் கேட்டார். “இதற்குச் சார்ஜ் எங்கே போடுவது?” ஆண்கள் இரண்டு மணி நேரம் பேசியும் எங்களுக்குத் தோன்றாத கேள்வி. அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் குடியிருப்பவர், கீழே பொது நிறுத்தத்தில் நிற்கும் வண்டிக்குத் தம் வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுக்கச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். வெளியே சார்ஜ் போட்டால் அலகு விலை ஏறத்தாழ இரட்டிப்பாகி, மிச்சத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கு மின்னேற்றுவோம் என்று 2025 மார்ச்சில் காட்டியது. அதற்கு ஒரு வண்டிக்கே ஆயிரம் கிலோவாட் வேண்டும். சிறு பட்டறைகள் நிறைந்த எங்கள் தெரு முழுவதுக்கும் அவ்வளவு வருமா என்பது சந்தேகம். வண்டி முன்னேறிவிடும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் முன்னேற வேண்டாமா? பேட்டரியின் வேகத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை எழுதுவதில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். 2010-இல் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் அதை வாங்கியவர்களுக்கு 2012-க்குள்ளேயே பேட்டரி தேயத் தொடங்கியது. நம் ஊர் அக்னி நட்சத்திரமும் இளைத்ததன்று. இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை நீரால் குளிரூட்டப்படுகின்றன. இரும்பு-பாஸ்பேட் வகைக் கலங்கள் பெருகியிருப்பதும் நமக்கு நல்லது. எடை சற்றுக் கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும், விலை குறைவு, நெடுநாள் வரும். எனவே வாங்குபவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கேளாமல், எந்த வகைக் கலம், எப்படிக் குளிர்கிறது என்றும் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் எண்ணில் கால் பங்குக்கு மேல் கழித்துக்கொள்வதே பாதுகாப்பு.

மைத்துனர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். புதியதை வாங்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. முதலில் வாங்கியவரை அழ வைக்கும் விலை வீழ்ச்சி, இரண்டாவதாக வாங்குபவருக்குத் தோழன் அல்லவா? நான்கு ஆண்டு ஓடிய மின்சாரக் கார் ஒன்றைப் புது விலையில் பாதிக்கும் குறைவாக, ரொக்கமாகக் கொடுத்து வாங்கினார். பேட்டரியைச் சோதித்தபோது பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தது. எட்டு ஆண்டு உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு மட்டுமே நீண்ட உத்தரவாதம் தருகின்றன, கவனியுங்கள். தனி வீடு, வாசலிலேயே நிறுத்தம், ஆதலால் சார்ஜ் தொல்லை இல்லை. பாதிக்கும் குறைந்த விலையில் எங்கள் ஒன்பது ஆண்டுக் கணக்கும் மாறிப் போயிற்று. பெருநாளைக்கு நாகூருக்கு அதில் போக மாட்டேன், பேருந்துதான் என்கிறார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்றே, வழியில் சார்ஜருக்கு வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையாம்.

இனி என் பட்டறைக் கதை.

2017-இல் மத்திய அமைச்சர் ஒருவர், 2030-க்குப் பின் நாட்டில் பெட்ரோல், டீசல் கார் ஒன்றுகூட விற்கக் கூடாது என்ற இலக்கைச் சொன்னார். அன்று தொழிற்பேட்டை முழுதும் இதே பேச்சு. எஞ்சின் உருப்படி செய்பவர்கள் இடிந்து போனோம். சில ஆண்டுகளில் அந்த இலக்கு நூற்றுக்கு முப்பது என்றாயிற்று. எட்டு ஆண்டு கழிந்து 2024-25-இலும் கார்களில் இரண்டரைதான் இருந்தது. “பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை” என்று நிம்மதியடைந்தவர்கள் உண்டு. நான் நிம்மதியடையவில்லை. சீனாவும் 2020-இல் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்றுதான் இருந்தது. 2024 ஜூலையில் அங்கு ஒரு மாதத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்னேற்றும் வகையாகிவிட்டன. நான்கு ஆண்டு! நார்வேயில் அவ்வாண்டு பத்துக்கு ஒன்பது என்ற அளவை நெருங்கிவிட்டது. மெதுவாக இருப்பது எந்நாளும் மெதுவாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வேகமாக இருப்பதும் அப்படியே. 2025 ஏப்ரலில் மோட்டாருக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, நம் நாட்டு மின்சார வண்டித் தொழிற்சாலைகள் பலவும் கையைப் பிசைந்தன.

எகிப்தின் ஏழு வளமான ஆண்டுகளையும் ஏழு பஞ்ச ஆண்டுகளையும் யூஸுஃப் (அலை) அவர்கள் அல்லாஹ் அறிவித்துக் கொடுத்தபடி முன்கூட்டியே எண்ணிச் சொன்னார்கள். களஞ்சியம் கட்ட அரசனுக்கு ஆண்டுக் கணக்கு கிடைத்தது. நமக்குக் கிடைப்பதோ ஆளுக்கு ஒன்றாகச் சொல்லும் நிபுணர்களின் ஊகம்.

எங்கள் பகுதியில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1960-களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்து வந்திருக்கிறது. மின்சார வண்டிக்கு இரண்டும் வேண்டாம். அவர்கள் வண்டியை ஓட்டும் மோட்டாரையே செய்யத் தொடங்கிவிட்டார்கள். அம்பத்தூரில் தலைமுறை தலைமுறையாக நாம் மிதித்த சைக்கிளைச் செய்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம், 2022-இல் மோன்ட்ரா மின்சார ஆட்டோவை இதே அம்பத்தூரிலிருந்து வெளியிட்டது. பெரியவர்களுக்குத் தவறினாலும் தாங்கும் உடம்பு. ஒன்பது பேர் பட்டறைக்கு அது கிடையாது.

எங்களுக்குப் பொருள் எடுக்கும் நிறுவனம், வால்வு கைடுக்கென்றே தனியாக ஒரு இயந்திரம் போட்டால் மூன்று ஆண்டுக்கு ஆர்டர் உறுதி என்றது. துண்டுக்கு நாற்பது பைசா கூடுதல் இலாபம். இதைவிட நல்ல வாய்ப்பு முப்பது ஆண்டில் வந்ததில்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பட்டறைக்கு வந்திருக்கும் என் மகனோ, “அத்தா, மூன்று வருடம் முடிந்த பிறகு அந்த இயந்திரத்தில் வேறு என்ன செய்ய முடியும்?” என்று கேட்டான். ஒன்றும் செய்ய முடியாது. இரும்புக் கடைக்குத்தான் போகும். மோட்டாருக்கு அலுமினிய உறை கடையலாம், அதற்கு விசாரணை வந்திருக்கிறது என்றான். அதற்கு மட்டுமென்று பணத்தைப் போட்டால், நூற்றுக்கு இரண்டரை இன்னும் பத்தாண்டு இரண்டரையாகவே இருந்துவிட்டால் ஒன்பது குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? கையில் இருந்தது 18 இலட்சம். கடன் வாங்கும் வழக்கம் இல்லை. ஒரு முறைதான் எறிய முடியும்.

மூன்று வாரம் யோசித்தோம். இஸ்திகாராத் தொழுதேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று மதரஸாவில் படித்தவர்கள் நாம். முடிவில் பொதுவான சி.என்.சி. லேத் ஒன்றை வாங்கினோம். வார்ப்பிரும்பில் வால்வு கைடும் கடையும், கருவியை மாற்றினால் அலுமினிய உறையும் கடையும். தனி இயந்திரத்தின் வேகம் வராது. அந்த நாற்பது பைசா போயிற்று. ஆர்டரும் பாதியாகத்தான் கிடைத்தது. தனி இயந்திரம் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போய்விட்டது, அவர் இன்று என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பட்டறையில் முழங்கால் அளவு நின்றது. ஆகவே புது இயந்திரத்தை வடக்குச் சுவரை ஒட்டி இரண்டடி உயர மேடை கட்டி அதன் மேல் ஏற்றியிருக்கிறோம். காலையில் வால்வு கைடு ஓடுகிறது. மாலை அஸருக்குப் பின் மகனும் ஒரு பையனும் அலுமினியத்தை ஏற்றுகிறார்கள். மாதிரிக்காகக் கேட்ட ஐம்பது உறைகளில் பன்னிரண்டு அளவு தேறவில்லை. இரண்டாவது ஐம்பது இந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.